யார் முதலில் என்ற வரி

வானம் சிவந்த அந்த மாலையில் சோலைமட்டத்து ஜனங்கள் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சையும் சிவப்புமாக ஒளி திரைச்சீலை போல ஆடியது. சூரியனிலிருந்து கிளம்பி வந்த புயல் அது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் எடுத்த படத்தை வெளியூருக்கு அனுப்ப முயன்றபோதுதான், ஏதோ பெரிதாக உடைந்துபோயிருக்கிறது என்று புரிந்தது.

ஊருக்கென்றே ஆற்றில் இருந்த சின்ன மின்நிலையம் தப்பித்தது. ஊருக்குள் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பேச முடிந்தது. மலைக்குக் கீழே எதுவும் இல்லை. அரிசியும் மருந்தும் ஏற்றி வந்த ராணுவ லாரிக்காரர்கள், சமவெளியில் பெரிய மின்மாற்றிகள் எல்லாம் கருகிக் கிடப்பதாகவும், சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அரிசி வந்தது, மருந்து வந்தது. இழை வரவில்லை.

இழை என்ற செயற்கை அறிவிடம் கேட்டால் போதும், எந்தச் செயலியும் கிடைத்துவிடும். "கோழிப் பண்ணைக்குக் கணக்கு வேணும்" என்றால் அந்த நொடியே ஒன்றைச் செய்து போனில் காட்டும். வேலை முடிந்ததும் அது மறைந்துவிடும். மறுபடி கேட்டால் மறுபடி செய்யும். எதுவும் யாருடைய போனிலும் தங்கியதில்லை. எல்லாம் எங்கோ தொலைவில், பார்த்திராத கட்டடங்களுக்குள் உருவாகிக்கொண்டிருந்தன. மனிதர்கள் நிரல் எழுதுவதை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எதற்கு எழுதவேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பதிலும் இல்லை, அதனால் பள்ளிப் பாடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

தர்ஷினி அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். நாற்பது வயது. தம்பி லோகித்தும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். லோகித் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் சில வருடங்களாக டயாலிசிஸில் இருந்தான். இன்றைக்கு உனக்கு முறை, இந்த நேரத்துக்கு வா என்று காலையில் இழை போனில் சொல்லும். போவான். நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்துவிட்டு வருவான். யாருக்கு எப்போது முறை என்பதை இழை எதை வைத்து முடிவு செய்கிறது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. ஒவ்வொருவர் உடம்பையும் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது என்றே எல்லாரும் நம்பினார்கள்.

இயந்திரங்கள் இரண்டு இடத்தில் இருந்தன. மேட்டுத்தெரு ஆஸ்பத்திரியில் சில, பஜார் பக்கத்துக் கிளினிக்கில் சில. இரண்டுக்கும் ஒரே டாக்டர், எபினேசர். புயலுக்குப் பிறகு அவற்றில் பாதிதான் ஓடின. யாருக்கு எந்த நேரம் என்று நர்ஸுகள் தாளில் எழுதி ஒட்டினார்கள், போனில் கூப்பிட்டுச் சொன்னார்கள். இங்கே மாற்றினால் அங்கே தெரியவில்லை. மேல் எஸ்டேட்டுகளில் சிக்னல் வந்து வந்து போனதால் பேச்சு பாதியில் அறுந்தது. ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

அப்படித்தான் ஒரு நாள் முற்பகலில், லோகித் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியிருந்தபோது வாசலில் சதீஷ்குமார் வந்து நின்றார். மேல் எஸ்டேட் தேயிலை ஆலையில் வேலை பார்ப்பவர். பாதை உடைந்திருந்ததால் பாதித் தூரம் நடந்தே இறங்கியிருந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன. பேச மூச்சு போதவில்லை.

"இந்த நேரம்தான் சொன்னாங்க," என்றார்.

நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். லோகித் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டான்.

"அண்ணே, நீங்க உட்காருங்க."

"டேய் லோகி," என்றாள் கூட வந்திருந்த தர்ஷினி. "உனக்கு மறுபடி எப்பக் கிடைக்கும்னு யாருக்காவது தெரியுமாடா?"

"தெரியாதுக்கா. இவரப் பாரு."

அவள் பார்த்தாள். வெளியே வந்ததும் டாக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படியே போனா ஒருத்தர் போயிருவாங்க டாக்டர். அது என் தம்பியா இருக்கும், இல்ல இன்னொருத்தர் தம்பியா இருக்கும்."

எபினேசர் படிக்கட்டில் உட்கார்ந்தார். பல நாள் தூக்கம் முகத்தில் பாக்கி இருந்தது. "எல்லாரும் ஒரே நேரத்துல பாக்கிற மாதிரி ஒரு பக்கம் இருந்தாப் போதும் டீச்சர். ஊருக்குள்ள நெட்வொர்க் ஓடுது. இங்க ஒரு பேரை மாத்தினா மேல் எஸ்டேட்ல தெரியணும். ஒரு நிமிஷம் சிக்னல் வந்தாலும் பாத்துக்குவாங்க."

"செய்யச் சொல்லுங்க."

"யாரை? நான் காலேஜ்ல படிக்கிறப்பவே அந்த வேலையை இழை பண்ண ஆரம்பிச்சாச்சு. உங்க ஸ்கூல்ல பழைய கம்ப்யூட்டர் லேப் ஒண்ணு இருந்துச்சே, அதுல ஏதாச்சும் ஓடுதான்னு பாருங்களேன்."

லேப் என்பது இப்போது உடைந்த பெஞ்சுகள் போடும் அறை. தலைமையாசிரியரிடம் சாவி வாங்கித் திறந்தாள். கம்ப்யூட்டர்களில் ஒன்று, பல தடவை அணைத்துப் போட்ட பிறகு, முனகிக்கொண்டே உயிர் பெற்றது. அலமாரியில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் கிடந்தது. வலைச் செயலி எழுதக் கற்றுக்கொள்வதற்கான பாடநூல். பின்னட்டைக்குள் ஒரு சின்ன மெமரி கார்டு ஒட்டியிருந்தது. அதில் புத்தகத்தின் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வீடியோ.

முதல் வீடியோவில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். நஸ்ரின் பானு, திருச்சி என்று அறிமுகம் செய்துகொண்டாள். சளி பிடித்திருந்தது. பின்னால் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள், விசில் சத்தம் கேட்டது. "கட் பண்ண மாட்டேன், நேரமில்ல," என்று சிரித்துவிட்டுத் தொடங்கினாள். "நீங்க இதுல ஒண்ணுமே தெரியாதவங்கன்னு நினைச்சுத்தான் பேசறேன். நான் டைப் பண்றதை நீங்களும் டைப் பண்ணுங்க. பாத்துட்டு மட்டும் போயிட்டா ஒண்ணும் வராது."

தர்ஷினிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. நீளம் தாண்டுவதைப் படம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது என்று அவளும் பிள்ளைகளிடம் சொல்வாள். மணலில் விழ வேண்டும்.

விழுந்தாள். முதல் நாள் முழுக்க திரையில் தன் பெயரை வரவழைப்பதற்குள் போயிற்று. ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டதற்காக மத்தியானச் சோற்றை மறந்தாள். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலையில் வந்தால் வெளிச்சம் மங்கும்வரை லேபிலேயே இருந்தாள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் லோகித்தும் வந்து உடைந்த பெஞ்சில் படுத்துக்கொண்டு, புத்தகத்தைச் சத்தமாக வாசித்தான்.

"இழைகிட்ட கேட்டா அரை நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்," என்றான் ஒரு தடவை.

"கேட்டா குடுக்கும்டா. அது எங்க பிசகும்னு சொல்லாது. இந்தப் பொண்ணு எங்கெங்க பிசகும்னே பாடம் நடத்துது."

அது உண்மைதான். நஸ்ரின் வீடியோவிலேயே தப்புச் செய்தாள். தப்பைத் தேடும்போது வாயால் யோசித்தாள். "இதுவா இருக்குமோ? இல்ல. அப்ப இதுவா?" தர்ஷினிக்கு வேறெதையும்விட அந்த முணுமுணுப்புதான் அதிகம் சொல்லிக்கொடுத்தது.

ஒரு வழியாக, பெயர்களும் நேரங்களும் கொண்ட பக்கம் ஒன்று தயாரானது. லோகித் தன் போனில் திறந்து ஒரு பெயரைச் சேர்த்தான். தர்ஷினி தன் போனில் பார்த்தாள். எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியுதுக்கா."

"எனக்குத் தெரியலடா."

இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். பிறகு நஸ்ரினின் பிந்தைய பாடமொன்றில் விடை கிடைத்தது. "நீங்க எழுதினது உங்க போனுக்குள்ளயே உக்காந்திருக்கு. ஊருக்குச் சொல்லணும்னா முதல்ல சர்வர்கிட்ட சொல்லணும். அது ஞாபகம் வெச்சுக்கிட்டு, யார் வந்து கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லும்." லேப் கம்ப்யூட்டரே அந்த சர்வர் ஆனது. அடுத்த முறை லோகித் பெயர் சேர்த்ததும் தர்ஷினியின் போனில் வந்தது. அவள் கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடிவந்தார்.

அப்புறம்தான் உண்மையான கஷ்டம் வந்தது.

வரிசைப்படுத்தும் பாடத்தில் நஸ்ரின் ஒரு வரியை எழுதிக் காட்டினாள். பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்பதை அந்த ஒரே வரி தீர்மானிக்கும். "எதை வெச்சு வரிசைப்படுத்தணும்கிறதை நான் சொல்ல முடியாது. அது நீங்க யாருக்காக இதைச் செய்யறீங்களோ அவங்களைப் பொறுத்தது," என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

தர்ஷினி விசைப்பலகையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எதை எழுதினாலும் யாரோ ஒருவர் கீழே போவார். செய்தி ஊரில் பரவியிருந்தது. கடைவீதியில் ஒருவர் தன் மாமனாரைப் பற்றி நைசாகப் பேச்செடுத்தார். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டிலிருந்து பலாப்பழம் வந்தது, அதைத் திருப்பி அனுப்பினாள். இழையிடம் யாரும் பலாப்பழம் கொடுத்ததில்லை என்று லோகித் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதை நான் ஒருத்தி எழுதக்கூடாது டாக்டர்," என்றாள் எபினேசரிடம். "என் தம்பி இதுல இருக்கான்."

டயாலிசிஸ் செய்துகொள்கிற எல்லாரையும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு வரச்சொன்னார்கள். வர முடியாதவர்கள் போனில் கேட்டார்கள். டாக்டர் எளிமையாகச் சொன்னார். கடைசியாகச் செய்து எவ்வளவு நாளாயிற்று, உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறதா. இந்த மூன்றும்தான் உயிரைச் சொல்லும். அதில் நீரை எடை பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

"தூரமும் வேணும்ங்க," என்றார் சதீஷ்குமார். "நாங்க இறங்கி வர்றதுக்குள்ள கீழ இருக்கிறவங்க முடிச்சிட்டுப் போயிடறாங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்க. இருக்கிறது கொஞ்சம். வாழ வேண்டிய வயசுள்ளவங்களுக்கு முதல்ல..."

ரேவதி நாற்காலியில் நிமிர்ந்தார். ஊரில் பேக்கரி வைத்திருந்தவர், எழுபதைத் தாண்டியவர். "என்னைக் கடைசியில போடணும்னா போடுங்க. ஆனா முன்னாடி வந்து, என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க தம்பி."

யாரும் முன்னால் வரவில்லை. தூரம் அந்த வரியில் சேர்ந்தது, வயது சேரவில்லை.

பேசியதை எல்லாம் தர்ஷினி அங்கேயே, லேப் சர்வரோடு இணைத்த பள்ளி அலுவலகத்து மடிக்கணினியில் எழுதினாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள். பிறகு ஓட்டினாள். பட்டியல் கலைந்து புதிதாக அடுக்கிக்கொண்டது. ஒவ்வொருவரும் தங்கள் போனில் தங்களைத் தேடினார்கள்.

லோகித் கீழே போயிருந்தான். வாரத்துக்கு மூன்று முறை போய்க்கொண்டிருந்தவனுக்கு இனி இரண்டுதான். வீடு பக்கத்தில், மூச்சு வாங்குவதில்லை, நீரும் அதிகம் சேர்வதில்லை. வரி சரியாகத்தான் வேலை செய்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே ஒரு எண்ணைக் கொஞ்சம் மாற்றினால் அவன் இரண்டு இடம் மேலே வந்துவிடுவான். ஊரில் அதைப் படித்துப் புரிந்துகொள்ள அவளைத் தவிர ஆளில்லை.

லோகித் டம்ளரில் அளந்து ஊற்றிய தண்ணீரை மெதுவாகக் குடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஸ்கூல் மேட்ச்ல நீ அம்பயரா நின்னப்ப எனக்கு அவுட் குடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

"நீ அவுட்டுடா."

"அவுட்தான். அதான் சொல்றேன்."

அவள் மடிக்கணினியை மூடினாள். அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுச் சமைத்தாள்.

பக்கம் ஓடத்தொடங்கியது. ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்பது நின்றது. மேல் எஸ்டேட்காரர்களுக்கு முந்தின நாளே தெரிந்ததால் ஒரே வண்டியில் சேர்ந்து இறங்கினார்கள். நஸ்ரின் பயிற்சிக்காகச் செய்யச் சொன்ன ஒரு சின்னப் பெட்டியையும் தர்ஷினி பக்கத்தின் அடியில் விட்டுவைத்திருந்தாள், யார் வேண்டுமானாலும் ஒரு வார்த்தை எழுதலாம். முதலில் மழை எப்படி என்று எழுதினார்கள். பிறகு உப்பில்லாத குழம்பை எப்படி வாயில் வைப்பது என்று எழுதினார்கள். வருடக்கணக்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் படுத்திருந்தவர்கள் அப்போதுதான் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

மழை வலுத்த வாரத்தில் லோகித்துக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு காலையில் எழுந்தவன் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மூச்சு இழுத்தது. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இயந்திரங்கள் எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. அடுத்த முறை ரேவதிக்கு. நர்ஸ் லோகித்தின் எடையையும் மூச்சையும் வலைப்பக்கத்தில் பதிந்தாள். தர்ஷினி போனைப் பார்க்காமல் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், பேரு மேல வந்திருச்சு," என்றாள் நர்ஸ்.

அவன் முதலாவதாக இருந்தான். ரேவதி ஒரு படி கீழே போயிருந்தார். சற்று நேரத்தில் பக்கத்தின் அடியில் இருந்த பெட்டியில் ஒரு வரி வந்தது. "நான் கிளம்பிட்டேன், பாதி வழியில பாத்தேன். திரும்பிப் போறேன். எனக்கு நாளைக்குப் போதும். பையன் எப்படி இருக்கான்னு எழுதுங்க. ரேவதி."

மூன்றாவது மணி நேரத்தில் லோகித் கண்ணைத் திறந்து, காபி கேட்டான். டாக்டர் முறைத்தார். அரை டம்ளர் கொடுத்தார்கள். ரேவதிக்கு அதையும் சேர்த்து எழுதினாள் தர்ஷினி. அவர் மறுநாள் வந்து தன் நாலு மணி நேரத்தையும் முடித்துக்கொண்டு, லோகித்தைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

மழைக்காலம் முடிந்தபோது வெளியுலகம் திரும்பி வந்தது. போன்கள் ஒரே நேரத்தில் கூவின. பழுதான இயந்திரங்களுக்குப் பாகங்கள் வந்தன. மாவட்டத்திலிருந்து சுப்ரியா என்ற இளம் அதிகாரி வந்தாள். நல்ல பெண். எல்லாருடைய கையையும் பிடித்து விசாரித்தாள்.

"நீங்க செஞ்சது பெரிய விஷயம் மேடம். இனிமே இந்தப் பாரம் உங்களுக்கு வேண்டாம். இழைக்கே மாத்திடலாம்," என்றாள்.

தர்ஷினிக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஆனால் வாய் வேறு கேள்வியைக் கேட்டது. "அது முன்னாடி எதை வெச்சு வரிசைப்படுத்திட்டு இருந்துச்சுங்க?"

சுப்ரியா புருவத்தைத் தூக்கினாள். "அது எல்லாத்தையும் பாத்துத்தான் பண்ணும் மேடம்."

"அந்த வரியைக் காட்டச் சொல்றீங்களா? இப்ப எனக்குப் படிக்கத் தெரியும்."

தாழ்வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சுப்ரியா தன் போனில் இழையிடம் கேட்டாள். அது உடனே காட்டியது. மறைக்க எதுவும் இல்லை, இதுவரை கேட்டவர்தான் இல்லை. தர்ஷினி படித்தாள். மறுபடியும் படித்தாள். நஸ்ரினின் பாடத்தில் பார்த்த அதே மாதிரி ஒற்றை வரி.

"பேர் பதிஞ்ச தேதிய வெச்சு," என்றாள். "முதல்ல பதிஞ்சவங்களுக்கு முதல்ல. அவ்வளவுதான். வேற எதையும் பாக்கல."

சதீஷ்குமார் மெதுவாக, "எங்க எஸ்டேட்டுக்கு டவரே கடைசியாத்தானே வந்துச்சு," என்றார். "நான் எத்தனை வருஷமா, எனக்கு அவ்வளவு மோசமில்ல போலன்னு நினைச்சிட்டு இருந்தேன். அதுக்கு எல்லாம் தெரியும்னு."

சுப்ரியாவின் முகம் வாடியது. இழையிடம் கேட்டாள், ஏன் அப்படி என்று. "முறை வைத்துத் தரும்படி கேட்டார்கள். எந்த அடிப்படையில் என்று சொல்லவில்லை," என்றது இழை. அதன் குரலில் குற்றவுணர்வும் இல்லை, சமாதானமும் இல்லை.

"இப்போ சொல்லலாமே," என்றாள் சுப்ரியா. "நீங்க கூடி எழுதின அதே விதியை அதுகிட்ட குடுத்துடலாம்."

"குடுக்கலாம்," என்றார் டாக்டர் எபினேசர். "நாளைக்கு நிலைமை மாறும். அப்ப அது சொன்னதைச் செய்யுதான்னு யார் பாப்பா?"

"சரி சார். அப்ப நான் இன்னொண்ணு கேக்கறேன். இவங்க ஒருத்தருக்குத்தான் இது தெரியும். இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

நியாயமான கேள்வி. தான் ஒருத்தி மட்டும் படிக்கக்கூடிய வரியும் கிட்டத்தட்ட இழையின் வரிதான் என்று, எண்ணை மாற்றலாமா என்று உட்கார்ந்திருந்த அன்றைக்கே தர்ஷினிக்குத் தோன்றியிருந்தது. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சதீஷ்குமார்தான் பேசினார். "நாலு மணி நேரம் இந்த நாற்காலியில மல்லாந்து மோட்டுவளையப் பாத்துட்டுக் கிடக்கறோம் டீச்சர். அந்த வீடியோவ இங்க போடுங்களேன்."

இழையை வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை. மருந்துச் சரக்குக்கும் வண்டிக்கும் அதைத்தான் கேட்டார்கள். யார் முதலில் என்ற வரியை மட்டும் ஊரிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சுப்ரியா அதற்கு அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்னாள், வாங்கியும் தந்தாள்.

டயாலிசிஸ் அறைச் சுவரில் திரை ஒன்று மாட்டினார்கள். திருச்சி நஸ்ரின் பானு மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதல் பாடத்தைத் தொடங்கினாள். ஒரு கையில் ஊசி ஏறியிருந்ததால் எல்லாரும் மறு கையால் மட்டும் தட்டினார்கள். புத்தகம் நாற்காலிக்கு நாற்காலி கைமாறியது. ரேவதி ஒவ்வொரு பாடத்திலும் சந்தேகம் கேட்டார். லோகித் தனக்கு முன்பே தெரியும் என்று அலட்டிக்கொண்டு, எல்லாரையும்விட அதிகமாகத் தப்பு விட்டான்.

தை மாதத்தில் ஒரு பிற்பகல், மேல் எஸ்டேட் வண்டி கிளம்பும் நேரத்தையும் பக்கத்தில் சேர்க்க வேண்டும் என்று சதீஷ்குமார் இடது கையால் எதையோ மாற்றினார். அறையிலிருந்த எல்லாப் போன்களிலும் பக்கம் வெள்ளையாகப் போயிற்று.

"தம்பி, என் பேரைக் காணோம்!" என்று கத்தினார் ரேவதி.

"என் பேரையும்தான்," என்றான் லோகித்.

வாசலில் நின்றிருந்த தர்ஷினி பதறி உள்ளே ஓடிவந்தாள். சதீஷ்குமார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஊசியில்லாத கையைத் தூக்கி அவளைத் தடுத்தார்.

"நீங்க வராதீங்க டீச்சர். இதுவா இருக்குமோ... இல்ல. இருங்க, நானே பாக்கறேன்."